ஊர்ப் பெயரை மறைக்கலாமா?

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் அழைப்பிதழ் நம் கைக்கு வந்தது. பளபளக்கும் அட்டை, பொன்னெழுத்து, முகப்பில் பிஸ்மில்லாஹ், உள்ளே மணமக்களின் பெயர்கள், பாட்டனார் பெயர்கள், மாமன்மார் பெயர்கள். எல்லாம் முறைப்படி இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. மணமகனின் தந்தையார் பிறந்த ஊர், அவருடைய தந்தையார் மண்ணறையில் துயிலும் ஊர், இன்றைக்கும் அவர் இரவில் தலைசாய்க்கும் ஊர், அந்த அட்டையில் எங்கும் காணவில்லை. கோட்டக்குப்பம் என்றிருக்க வேண்டிய இடத்தில் புதுச்சேரி என்று அச்சாகியிருந்தது.

அச்சகத்தாரின் பிழை என்றே முதலில் எண்ணினோம். அழைக்க வந்த தந்தையாரிடமே கேட்டோம்.

"பிழையில்லை, ஹஜரத். நாங்கதான் அப்படிப் போடச் சொன்னோம். பெண் வீட்டார் சென்னை. கோட்டக்குப்பம் என்றால் எங்கே இருக்கு என்று கேட்பாங்க. புதுச்சேரி என்றால் உலகத்துக்கே தெரியும். பஸ்ஸில் ஏறினால் பத்து நிமிஷம். பின்கோடு கூட அறுநூற்றைந்துதானே?" என்றார் சிரித்துக்கொண்டே.

நாமும் சிரித்தோம். அவர் போன பின்னர்தான் அந்தச் சிரிப்பு நமக்குக் கசந்தது. குற்றம் புரிந்தவன் தன் ஊரைச் சொல்ல நாணுவதுண்டு. கடன்பட்டவன் நாணுவதுண்டு. நல்ல வருவாயும் நல்ல மக்களும் உடையவர், ஐவேளையும் தொழுகிறவர், அவர் எதற்காக நாண வேண்டும்? இதனை எழுதுகின்ற நாம் குடியிருப்பது புதுச்சேரியில், முல்லா வீதிக்குப் பக்கத்தில். கோட்டக்குப்பத்துக்கு நாம் போய்வருவது மாலையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க. ஆகவே சொந்த ஊர்ப் பற்றினால் பிதற்றுகிறார் என்று எவரும் இதனைத் தள்ளிவிட முடியாது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடல்கடந்தும் இருந்து இவ்விதழைப் படிப்போருக்கு இடம் விளங்கச் சில சொல்ல வேண்டும். புதுச்சேரி நகரிலிருந்து வடக்கே முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல் கோட்டக்குப்பம். இடையில் வயல் இல்லை, வெளி இல்லை. ஒரு கடை புதுச்சேரியில் இருக்கும். சிறிது தள்ளியிருக்கும் கடை தமிழ்நாட்டில் இருக்கும். ஊர் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத் தலைநகரோ நாற்பது கிலோமீட்டர் தொலைவில். புதுச்சேரி கூப்பிடு தூரத்தில். 2011 கணக்கெடுப்பில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். பேரூராட்சியாக இருந்தது, 2021-இல் நகராட்சியாயிற்று. முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழும் ஊர்.

பின்கோடு ஒரு சான்றென்றால் விழுப்புரத்துக்கும் 605-தான். விழுப்புரம் புதுச்சேரியாகிவிட்டதா?

இந்த எல்லைக் கோடு நாம் போட்டதன்று. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பதினெட்டாம் நூற்றாண்டில் அடித்துக்கொண்டு, ஒருவர் கோட்டையை மற்றவர் இடித்து, பின்னர் உடன்படிக்கை எழுதிப் பிரித்துக்கொண்டதன் எச்சம். 1761-இல் புதுச்சேரியின் மதிலை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது, கிராமங்கள் கிழிந்த துணியின் துண்டுகள்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அவர்கள் பங்கில் விழுந்தன. அந்தக் கிழிசலை இன்றும் காணலாம். முத்தியால்பேட்டை புதுச்சேரி. அடுத்த கோட்டக்குப்பம் தமிழ்நாடு. அதற்கப்பால் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு. அதையும் தாண்டினால் காலாப்பட்டு; அது மறுபடி புதுச்சேரி! 1985-இல் தோன்றிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. புதுச்சேரி மாணவர்கள் தம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சாலையில் போக வேண்டுமானால் கோட்டக்குப்பத்தின் வழியாகத்தான் போகவேண்டும். யார் யாருடைய வாசலில் நிற்கிறார்கள் என்பதை அழைப்பிதழ்க்காரர் எண்ணிப் பார்த்திருந்தால் அவ்வளவு எளிதாகச் சிரித்திருக்கமாட்டார்.

எல்லைக்கு இப்பால் இருந்ததற்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. 1949-இல் இந்திய அரசு சுங்கக் கூட்டை முறித்துக்கொண்ட பின் இந்தக் கோடு சுங்கச் சாவடிகளின் கோடாயிற்று. 1954-இல் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து நின்றவர்கள் எல்லைக்கு இப்பாலுள்ள இந்திய ஊர்களில் கால் ஊன்றிக்கொண்டுதான் போராடினார்கள். அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962-இல் முடிந்தது. சாவடிகள் எழுந்தன, விழுந்தன. இன்று எஞ்சியிருப்பது மதுவிலக்குப் போலீசாரின் சோதனைச் சாவடி. நாளிதழ்களில் கோட்டக்குப்பத்தின் பெயர் அடிக்கடி வருவதெல்லாம் அங்கே பிடிபட்ட புட்டிகளின் எண்ணிக்கையோடுதான்! அந்தோ, நாம் நம் வாயால் சொல்ல மறுத்த பெயரைச் சாராயக் கடத்தல்காரன் ஊரறியச் செய்கிறான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஜும்ஆத் தொழுகை எத்தகைய ஊரில் கூடும் என்று ஆராய்ந்த ஹனஃபி மத்ஹபின் இமாம்கள் 'மிஸ்ர்' என்றொரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நகரம் என்பது அதன் பொருள். எது நகரம்? வீதிகளும் கடைத்தெருக்களும் இருக்க வேண்டும்; சுற்றியுள்ள சிற்றூர்கள் அதனை நாடி வரவேண்டும்; வலியவனிடமிருந்து எளியவனுக்கு நியாயம் வாங்கித்தரும் அதிகாரம் அங்கே இருக்க வேண்டும்; புதிதாய் ஒரு சிக்கல் எழுந்தால் மக்கள் சென்று கேட்க ஓர் ஆலிம் இருக்க வேண்டும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தென நூல்கள் கூறும் வரையறை இது. இதிலே மாளிகைகளின் உயரத்தைப் பற்றிப் பேச்சில்லை. உலகத்துக்கு அதன் பெயர் தெரியுமா என்ற கேள்வியும் இல்லை. நீதியும் அறிவும் கொடுக்கல்வாங்கலும் ஓர் இடத்தில் வேர்பிடித்திருக்கின்றனவா என்பதே கேள்வி.

அதே நூல்களில் 'ஃபினா' என்று இன்னொரு சொல் வரும். வீட்டை ஒட்டிய முற்றம் என்று பொருள். மிஸ்ருக்கும் ஒரு முற்றம் உண்டு. நகரத்தார் தம் இறந்தோரை அடக்கவும், குதிரை ஓட்டவும், படை திரட்டவும் வைத்துக்கொண்ட புறவெளி அது. முற்றத்துக்குத் தனிச் சிந்தனை கிடையாது. வீட்டுக்காரனுக்கு என்ன தேவையோ அதுவே முற்றத்தின் வேலை.

கோட்டக்குப்பத்தைப் புதுச்சேரியின் ஃபினாவாக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மனை விற்பவன் விளம்பரத்தில் 'புதுச்சேரிக்கு மிக அருகில்' என்று எழுதுகிறான். சனி ஞாயிறுகளில் கடற்கரையில் களியாட்டம் தேடி வரும் சென்னைக்காரன் 'பாண்டியில் தங்கினேன்' என்கிறான். அவர்களை விடுங்கள், அவர்கள் வணிகர், விருந்தாளிகள். நம்முடைய சண்டை வீட்டுக்காரரோடு. காலையில் ஏழரை மணிக்கு எல்லையைத் தாண்டி, இஷாவுக்குப் பின் திரும்பி, சோறுண்டு உறங்கி, மறுபடி ஏழரைக்கு எல்லையைத் தாண்டுகிற நம் சகோதரர் இருக்கிறாரே, அவர்தான் ஊரை முற்றமாக்குகிறார். பள்ளிக்கூடம் அங்கே, மருத்துவர் அங்கே, துணிக்கடை அங்கே, நண்பர்கள் அங்கே. இங்கே என்ன இருக்கிறது? பாய் தலையணை இருக்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களை ஓதியோர் 'முஸ்தவ்தின்' என்ற சொல்லை அறிவர். ஜும்ஆ கூடுவதற்கு நாற்பது ஆண்கள் வேண்டும். அவர்கள் வந்துபோகிறவர்களாய் இராமல், தேவை நேர்ந்தாலன்றிக் கோடையிலும் குளிரிலும் அவ்வூரை விட்டுப் பெயராத குடிகளாய் இருக்க வேண்டும். வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர் இக்கணக்கில் சேருவாரா என்று யாரேனும் ஃபத்வா கேட்டால், ஐயமின்றிச் சேருவார் என்றே சொல்வோம். பிழைப்பு ஒரு தேவைதான். எல்லையைத் தாண்டியதால் அவர் முஸாபிராகிவிடவும் இல்லை. கஸ்ருத் தொழுகைக்கு உரிய தூரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு கூட அவர் போகவில்லை. சட்டம் அவரைக் குடியென்றே எழுதிவைத்திருக்கிறது. அவர்தாம் தம்மை விருந்தாளியென்று எழுதிக்கொள்கிறார்.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் முற்பகல் நாம் அவ்வூரில் இருந்தோம். ஒரு மூதாட்டி வஃபாத்தானார். குளிப்பாட்டப் பெண்கள் இருந்தார்கள். கஃபன் துணி தைக்க ஆள் இருந்தது. மக்கள் மூவர், மூவரும் புதுச்சேரியில் பணியில். பேரர்கள் அங்கேயே கல்லூரியில். செய்தி போன பின்னும், இருப்பதோ ஐந்து கிலோமீட்டர், ஒருவர் பின் ஒருவராக அனுமதி வாங்கிக்கொண்டு வந்து சேர அஸர் ஆயிற்று. அதுவரை வீட்டிலே மையித்து. ஜனாஸாத் தொழுகை முடிந்து சந்தூக்கைத் தூக்கும்போது முன்புறம் தோள் கொடுத்த இருவருக்கும் வயது எழுபதுக்கு மேல். ஒருவர் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். நாம் போய் அவர் தோளுக்குக் கீழே தோளைக் கொடுத்தோம். ஜனாஸாவை அடக்குவது ஃபர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்தால் எல்லாருக்கும் கடமை தீரும், எவரும் செய்யாவிட்டால் எல்லாரும் பாவிகள் என்று பத்து வயதிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். பகல் நேரத்தில் அந்தச் 'சிலர்' யார் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தோம். கிழவர்கள், பள்ளிவாசல் பணியாளர், இரண்டு மளிகைக் கடைக்காரர், வெளியூரிலிருந்து வந்த நாம்.

பகலில் ஊர் பெண்களுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் எந்தத் தெருவில் வரவில்லை, எந்த வீட்டில் நோயாளி கிடக்கிறார், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் திரிகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஊர்க் கூட்டத்தில் பேசுவதோ இரவில் வந்து உறங்குகிறவர்கள். இதைப் பற்றி வேறொரு சமயம் எழுத எண்ணம்.

பிழைப்புக்காக வெளியே போவது நமக்குப் புதிதா? புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். அங்கே 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கிறது. மாதக் கணக்கில் கடல், ஆண்டுக் கணக்கில் பிரிவு. ஆனால் அவர்கள் தம் ஊரை விட்டார்களா? அரபுத்தமிழில் எழுதிய கடிதத்தில் கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்றும் ஓதும் பள்ளியில் உஸ்தாதுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்றா என்றும் கேட்டார்கள். அவர்கள் அனுப்பிய பணம் ஊருக்குள் பள்ளிவாசலாயும் மத்ரஸாவாயும் வீடுகளாயும் மாறி நின்றது. அடுத்த தலைமுறை வளைகுடாவுக்கும் பிரான்சுக்கும் போயிற்று. அவர்களும் விடுமுறையில் வந்தால் ஊரில் தெருத்தெருவாகச் சலாம் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆயிரம் காதம் போனவர் ஊரை நெஞ்சில் சுமந்தார். ஐந்து கிலோமீட்டர் போகிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியவில்லை. பிரிவு என்று ஒன்று இருந்தால்தானே ஏக்கம் இருக்கும்! தினமும் திரும்பி வருகிறவர், தாம் போனதையே உணர்வதில்லை.

1926-இல், பிரெஞ்சுக் கொடி எல்லைக்கப்பால் பறந்துகொண்டிருந்த காலத்தில், கோட்டக்குப்பத்தார் அஞ்சுமன் நுஸ்ரத்துல் இஸ்லாம் என்ற நூலகத்தைத் தொடங்கினார்கள். கணக்குப் போட்டால் 2026-இல் நூறு ஆண்டு. அந்நாளில் ஊரில் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? புதுச்சேரியில் நூலகம் இருக்கிறதே, கடற்கரைக்கு உலாவப் போகும்போது அங்கேயே படித்துக்கொள்ளலாமே என்று அவர்கள் நினைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்? நினைக்கவில்லை. தம் ஊர் மிஸ்ர் என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. இன்று பட்டதாரிகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களை அழைத்து, வாரத்தில் ஒரு மாலை அந்த நூலகத்தில் போய் அமருங்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றால், 'களைத்து வருகிறோம், ஹஜரத்' என்கிறார்கள். உண்மைதான், களைத்துத்தான் வருகிறார்கள். களைப்பு ஊருக்கு, உழைப்பு நகரத்துக்கு என்று ஆகிவிட்டது.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்வது. சுவர் அதனைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை பட்டினி கிடந்தது. முதலில் புதுச்சேரி நகரின் மணற்கரையே போயிற்று. கருங்கற்களைக் கொட்டி நகரைக் காத்துக்கொண்டார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது. அதற்கு வடக்கே நகர்ந்தது. அப்படி நகர்ந்து நகர்ந்து தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று மீனவர் குப்பங்களைத் தின்றது. வலை உலர்த்திய மணலும் படகு ஏற்றிய மணலும் வீட்டுச் சுவரும் கடலுக்குள். துறைமுகம் ஓர் அரசின் கையில், கரை இன்னோர் அரசின் கையில். அந்த ஏழை மீனவன் யாரிடம் போய் முறையிடுவான்?

நகரத்தின் முற்றமாயிருப்பதன் விலை இதுதான். வீட்டுக்காரன் தன் வசதிக்கு ஒரு சுவர் கட்டினால் தண்ணீர் முற்றத்தில்தான் வந்து நிற்கும். அந்தக் குப்பங்கள் நம் அண்டை அயல். அண்டை வீட்டாருக்குரிய கடமையில் மதம் பார்க்க நம் மார்க்கம் இடம் தரவில்லை. ஒன்றாகத் திரண்டு எங்கள் கரையை என்ன செய்தீர்கள் என்று கேட்க, முதலில் 'எங்கள்' என்ற சொல் வாயில் வரவேண்டும். அழைப்பிதழில் புதுச்சேரி என்று போட்டுக்கொண்டவர் யாரைப் பார்த்துக் கேட்பார்?

இன்னொரு கசப்பான செய்தி. புதுச்சேரியில் கல்லூரி இடங்களும் அரசு வேலைகளும் அங்கே குடியிருப்போருக்கு முன்னுரிமையாக வருகின்றன. ஜிப்மர் போன்ற பெரிய நிறுவனத்தில் கூட உள்ளூர் மாணவருக்கென இடங்கள் இருந்து வருகின்றன. இதைக் கண்டு நம்மவர் சிலர், உறங்குவது கோட்டக்குப்பத்தில், முகவரி மட்டும் முத்தியால்பேட்டையில் உறவினர் வீட்டில் என்று வைத்துக்கொள்ளத் துணிகிறார்கள். பிள்ளையின் படிப்புக்காகத்தானே என்கிறார்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு மூன்றரை விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறதே, அதற்குப் படிக்கச் செய்யக்கூடாதா என்றால், போட்டி அதிகமாம். பொய்ச் சாட்சியம் பெரும்பாவங்களுள் ஒன்றென்று குழந்தைக்கு நாம் மாலையில் ஓதிக்கொடுக்கிறோம்; மறுநாள் காலையில் தகப்பனார் அதே குழந்தையின் பெயரில் ஒரு பொய் முகவரியில் கையெழுத்திடுகிறார். எவருடைய பாடம் பிள்ளையின் நெஞ்சில் பதியும்? அந்த இடம் முத்தியால்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ ஒரு கூலிக்காரர் மகனுக்கு உரியதாயிருந்தால், மறுமையில் அவன் வந்து கணக்குக் கேட்கமாட்டானா?

'ஹஜரத் பழங்காலத்து மனிதர். ஊருக்குள் என்ன தொழில் இருக்கிறது? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?' என்று சொல்வோர் உண்டு. நாம் யாரையும் வேலையை விடச் சொல்லவில்லை. புதுச்சேரியின் மருத்துவமனைகளாலும் கல்லூரிகளாலும் சுற்றுவட்டாரமே பயன் பெற்றிருக்கிறது. நம் வீட்டிலேயே அங்கே உயிர் பிழைத்தவர் உண்டு. வேறு சிலர், கோட்டக்குப்பத்தைப் புதுச்சேரியோடு சேர்த்துவிட்டால் சிக்கலே தீர்ந்துவிடும் என்கிறார்கள். மாநிலத்தின் கோட்டை அழிப்பதும் வைப்பதும் அரசினர் பாடு. எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஊர் ஊராக இருக்கிறதா என்பதே நம் கவலை. உழவர்கரையும் வில்லியனூரும் புதுச்சேரி ஆட்சிக்குள்தான் இருக்கின்றன. வில்லியனூரின் சுல்தான்பேட்டைக்காரரைப் போய்க் கேளுங்கள். எந்த ஊர் என்றால் சுல்தான்பேட்டை என்றுதான் சொல்வார்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருக்கிறார். அந்நகரின் ஓரத்தில் ரதர்க்ளென் என்றொரு சிற்றூர் உண்டாம். 1126-இலேயே அரசரிடம் நகர் உரிமைப் பட்டயம் பெற்ற ஊர். பக்கத்திலே கிளாஸ்கோ பெருத்து வளர்ந்து 1975-இல் அதனை விழுங்கிக்கொண்டது. இருபத்தோராண்டு கழித்து, 1996-இல், அவ்வூர் கிளாஸ்கோவிலிருந்து பிரிந்து வேறொரு மாவட்ட நிருவாகத்தில் சேர்ந்துகொண்டது. இன்றும் அவ்வூரார் பலருக்குப் பிழைப்பு கிளாஸ்கோவில்தான். காலையில் ரயிலேறிப் போகிறார்கள், மாலையில் திரும்புகிறார்கள். ஆனால் 'கிளாஸ்கோக்காரரா?' என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்களாம். இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்தில் 1968-இல் ஆரோவில் என்று ஒன்று தோன்றியது. பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த ஓர் அம்மையார் செம்மண் பொட்டலில் தோற்றுவித்தது. அதன் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆனால் ஒன்று பாருங்கள். அதன் நிலத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அங்கே இருப்போர் எந்நாட்டாராயினும் 'ஆரோவில்' என்றுதான் தம் இடத்தைச் சொல்கிறார்கள். அரை நூற்றாண்டுப் பெயரை அவர்கள் உலகெங்கும் நாட்டியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாய் ஜனாஸாக்களை ஏற்றுக்கொண்ட மண்ணின் பெயரை நாம் அட்டையில் அச்சிடக் கூசுகிறோம்!

இதை இவ்வளவில் எழுதி வைத்திருந்தபோது அதே அழைப்பிதழ்க்காரர் மறுபடி வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. பெண் வீட்டுப் பள்ளிவாசலில் நிக்காஹ் எழுத வேண்டுமானால் மாப்பிள்ளையின் மஹல்லாவிலிருந்து ஜமாஅத் கடிதம் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். நாளோ நெருங்கிவிட்டது.

"ஹஜரத், முதவல்லியிடம் நீங்க ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே கிடைச்சிடும்."

"எந்த முதவல்லி, தம்பி? புதுச்சேரி ஜமாஅத்திலா கேட்க வேண்டும்?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "நம்ம கோட்டக்குப்பம் ஜமாஅத்துதான், ஹஜரத்" என்றார். பிறகு, கேளாமலே, "வீட்டில் அவ அப்பவே சொன்னா, ஊர் பேரைப் போடுங்க என்று. நான்தான் கேட்கவில்லை" என்றார்.

இருவரும் பஸ்ஸேறிப் போனோம். ஜமாஅத் அலுவலகத்தில் எழுத்தர் தஃப்தரைப் புரட்டி, அவருடைய தந்தையார் பெயரையும் பாட்டனார் பெயரையும் கண்டுபிடித்து, கடிதத்தாளை எடுத்து மாப்பிள்ளையின் பெயரை எழுதினார். ஊர் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, வழக்கம்போல், "ஊர்?" என்று கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை. அவரே சொன்னார். எழுத்தர் எழுதி, முத்திரை குத்தி, மை உலர ஊதிக் கொடுத்தார். வெளியே வந்தபோது மக்ரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் கால்மணி நேரம் இருந்தது. புதுச்சேரியிலிருந்து வரும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன.